கூட்டுக்குள் போய்ப் போய் வருகிறது, முட்டை இல்லை: அடைப்பா, வேறு நோயா?

கொளத்தூர் மாடிவீடு | வியாழன், மாலை 5.10

வணக்கம். மொட்டை மாடியில் நான்கு பெட்டைக் கோழிகள் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுக்கு நேற்றிலிருந்து உடம்பு சரியில்லை. செம்பழுப்பு நிறம், பழுப்பு முட்டை இடும் கலப்பினம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. வீட்டில் அதற்குச் செவத்தி என்று பெயர்.

நாள் தவறாமல் முட்டையிடும் கோழி. செவ்வாய்க்கிழமை ஓடே இல்லாமல் ஒரு தோல் முட்டையைக் கூட்டுக்கு வெளியே போட்டிருந்தது. நேற்று முட்டை இல்லை. இன்று காலையிலிருந்து வைக்கோல் பெட்டிக்குள் போவதும், உட்கார்ந்து முக்குவதும், வெறுமனே எழுந்து வருவதுமாக இருந்தது. மதியத்துக்கு மேல் அதுவும் நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பென்குயின் போல நிமிர்ந்து நிற்கிறது. வால் தொங்கிக் கிடக்கிறது, மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடுகிறது. கொண்டை வெளுத்திருக்கிறது. எச்சம் என்று பார்த்தால் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர், அவ்வளவுதான். கம்புத் தானியத்தைக் கையில் வைத்து நீட்டினாலும் கொத்தவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் மேய்கின்றன.

பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். "கோழிக்கா?" என்று சிரித்தார்கள். முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெந்நீரில் உட்கார வைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஊரிலிருந்து வரும்வரை பொறுக்குமா?

ஆலந்தூர் அப்பு | வியாழன், மாலை 5.18

வெந்நீர் என்றதும் எனக்கு மிளகும் சீரகமும்தான் நினைவுக்கு வந்தன. மன்னிக்கவும்.

நாமக்கல் மருமகள் | வியாழன், மாலை 5.31

அப்பு அண்ணா, பெயர் வைத்த கோழி குழம்புக்கு ஆகாது. சும்மா இருங்கள்.

அக்கா, ஞாயிறு வரை பொறுக்காது. நிஜமாகவே முட்டை சிக்கியிருந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் கணக்கு. முட்டை உள்ளே நின்றுகொண்டு எச்சம் போகும் வழியையும் அடைக்கும், காலுக்குப் போகும் நரம்பையும் அழுத்தும். நாளைக் காலையில் வேப்பேரிக்குக் கிளம்பிவிடுங்கள். மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பறவைகளையும் பார்க்கிறார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதற்குமுன் சில கேள்விகள். கோழிக்கு வயது என்ன இருக்கும்? என்ன தீவனம்? கழுத்தடியில் இருக்கும் இரைப்பை கல்லாக இருக்கிறதா, தண்ணீர்ப் பையாகத் தொங்குகிறதா, வெறுமையாக இருக்கிறதா? இரண்டு கால்களுக்கு நடுவில் வயிற்றைத் தொட்டால் எப்படி இருக்கிறது? தொட்டுப் பார்க்கத்தான் சொல்கிறேன், அமுக்க வேண்டாம்.

சிறுவிடைப் பிரியன் | வியாழன், மாலை 5.50

எனக்கென்னவோ இது அடைக்கு உட்காரும் அறிகுறியாகத் தெரிகிறது. கூட்டுக்குள் போய்ப் போய் வருவது, தீனி எடுக்காமல் இருப்பது எல்லாம் கேறும் கோழியின் குணம்தான். எங்கள் மதுராந்தகத்து வீட்டில் சிறுவிடை நாட்டுக்கோழிகள் பல வருடங்களாக இருக்கின்றன. முட்டை அடைத்துக்கொண்டது என்று ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எதற்கும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயை வாயில் விடுங்கள். பின்பக்கமும் கொஞ்சம் தடவுங்கள். இளகிவிடும்.

பழைய பண்ணைக்காரர் | வியாழன், மாலை 6.15

செங்குன்றத்துக்கு அப்பால் முட்டைக் கோழிப் பண்ணை நடத்தி ஓய்ந்தவன் நான். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, வயிற்றைப் பிசைந்து முட்டையை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லு முட்டைக் குழாயைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் சீழ் பிடிக்கும். அதற்குப் பிறகு எந்த வைத்தியரைக் கூப்பிட்டும் பயன் இல்லை. பண்ணையில் வேலைக்கு வந்த புதிய ஆட்கள் எல்லாம் முதலில் செய்த காரியம் இதுதான்.

மற்றது, முட்டை அடைப்பு என்று முடிவே கட்டிவிடாதீர்கள். முட்டையிடும் கோழி சுருண்டு நின்றாலே எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்தாலும் அப்படித்தான் நிற்கும், குடலில் புழு மண்டினாலும் அப்படித்தான், வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய் தொடங்கும்போதும் அப்படித்தான். அம்மா, மற்ற மூன்றின் எச்சத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பச்சையாகவோ சுண்ணாம்பு கரைத்ததாகவோ போனால் செவத்தியை உடனே தனியே பிரியுங்கள். எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும், சோர்ந்த கோழியை மற்றவை கொத்தாமல் விடாது.

கொளத்தூர் மாடிவீடு | வியாழன், மாலை 6.40

நன்றி ஐயா. மற்ற மூன்றின் எச்சமும் வழக்கம்போல் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கிறது. செவத்தியைக் குளியலறையில் தனியாக விட்டிருக்கிறேன்.

வயது ஒன்றைத் தாண்டியிருக்காது. விற்றவர் 'முட்டை விட ஆரம்பித்துச் சில மாதம்' என்றார். தீவனம், தெருமுனைக் கறிக்கோழிக் கடையில் மூட்டையாகத் தருவது. அதோடு குருணை, தவிடு, மிஞ்சிய சோறு. இரைப்பை வெறுமையாக இருக்கிறது. வயிறு இடது பக்கம் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. என் கை பழகாத கை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடை பற்றிச் சொன்ன சகோதரருக்கு: பக்கத்தில் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இது தூக்கினாலும் அசையாமல் இருக்கிறது.

கால்நடை மாணவி | வியாழன், இரவு 7.05

வேப்பேரியில் இறுதியாண்டு படிக்கிறேன். இன்னும் மருத்துவர் ஆகவில்லை. நான் சொல்வதை முதலுதவியாக எடுத்துக்கொள்ளுங்கள், சிகிச்சையாக அல்ல.

அக்கா சொல்வது சரி. அடைக்கோழி பெட்டியை விட்டு நகராது. கை நீட்டினால் உறுமும், இறகைச் சிலிர்க்கும். நாளில் ஒரு தடவை எழுந்து வந்து அவசரமாகத் தின்று, பெரிதாக, மூக்கைப் பிடிக்கவைக்கும் ஓர் எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்காரும். சோர்ந்து, வாலாட்டி மூச்சு விட்டுக்கொண்டு, கொண்டை வெளுத்து மூலையில் நிற்பது அடை இல்லை.

விளக்கெண்ணெய் வாயில் வேண்டவே வேண்டாம். முட்டை இருக்கும் குழாய் வேறு, குடல் வேறு. இரண்டும் கடைசியில் எச்சத்துவாரத்துக்குச் சற்று முன்புதான் சந்திக்கின்றன. குடலை இளக்கினால் ஏற்கெனவே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் கோழிக்குக் கழிச்சல் வேறு சேரும். சோர்ந்த பறவையின் வாயில் எதையும் ஊற்றுவதும் ஆபத்து. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானே விழுங்கும், அது போதும்.

வெந்நீர் சரி. வெந்நீர் என்றால் 38 முதல் 40 டிகிரி. கோழியின் உடம்புச் சூடே ஏறத்தாழ 41 டிகிரி, அதனால் நம் முழங்கைக்கு இதமாக இருக்கும் நீர் அதற்குச் சுடாது. வயிறு மூழ்கும் அளவு ஒரு பெரிய பேசினில் ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். ஆறினால் மேலும் கொஞ்சம் ஊற்றுங்கள், கோழியின் மேல் படாமல். பிறகு துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள்.

ஒன்றை மட்டும் இணையத்தில் படித்தபடி செய்யாதீர்கள். வெளிநாட்டார் எழுதுவதில் எல்லாம் 'விளக்குப் போட்டுச் சூடேற்று' என்று இருக்கும். அது பனிக்கு. இங்கே அக்னி நட்சத்திரம் நடக்கிறது, குளியலறைச் சுவரே சுடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தள்ளும். இளைக்க இளைக்க இரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு வெளியேறும், இரத்தத்தின் காரத்தன்மை ஏறும், அதில் பயன்படும் நிலையில் இருக்கிற கால்சியம் குறையும். நம் சிக்கலே கால்சியம்தான் என்று எனக்குச் சந்தேகம். எனவே குளியல் முடிந்தபின் காற்றோட்டமான இடம். இளைத்தால் இன்னும் குளிர்ச்சியான இடம்.

சிறுவிடைப் பிரியன் | வியாழன், இரவு 7.20

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாட்டுக்கோழிக்கு ஏன் வருவதில்லை?

நாமக்கல் மருமகள் | வியாழன், இரவு 7.34

வராமல் இல்லை, குறைவு. நீங்கள் வளர்ப்பது ஒரு பருவத்தில் பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, குஞ்சோடு திரிந்து, மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்த பருவத்துக்கு வரும் கோழி. இடையில் உடம்பு தேறிவிடுகிறது. செவத்தி மாதிரிக் கலப்பினத்துக்கு அடை உணர்வையே கழித்துவிட்டார்கள். அது வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கும். கூடவே உங்கள் கோழிகள் வெயிலில் மேய்ந்து, பூச்சி, நத்தை, சுண்ணாம்புக் காரை என்று கண்டதையும் கொத்தித் தேவையைத் தீர்த்துக்கொள்ளும். மாடியில் வளரும் கோழிக்கு நாம் போடுவதுதான் உலகம்.

அக்கா, கறிக்கோழித் தீவனம் என்றீர்களே, அதைப் பற்றி நாளைக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. இப்போது குளியலைப் பாருங்கள்.

கொளத்தூர் மாடிவீடு | வியாழன், இரவு 9.02

குளிப்பாட்டியாகிவிட்டது. பெரிய போராட்டம் இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை. தண்ணீரில் வைத்த உடனே காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வயிற்று இறகெல்லாம் பிரிந்து நீர்மேல் மிதந்தன. சற்று நேரத்தில் கீழ் இமை மெல்ல மேலேறிக் கண்ணை மூடிவிட்டது. செத்துவிட்டதோ என்று அலறி அலகைத் தொட்டேன், உடனே திறந்து பார்த்தது. பாதியில் ஒரு முறை முக்கியது. வெள்ளையாக, கயிறு திரித்ததாக எச்சம் கொஞ்சம் வந்தது. முட்டை வரவில்லை.

இப்போது துடைத்து, அட்டைப்பெட்டியில் பழைய லுங்கி விரித்து விட்டிருக்கிறேன். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சற்று நீர்க்கக் கலந்து வைத்தேன், குடிக்கிறது.

கால்நடை மாணவி | வியாழன், இரவு 9.20

எச்சம் வந்தது நல்லது, வழி முழுக்க அடைபடவில்லை.

உங்களுக்குத் தைரியம் இருந்தால் ஒன்று பார்க்கலாம். கையுறை போட்டு, நகம் வெட்டிய விரலில் மருந்துக் கடையில் கிடைக்கும் வழவழப்பு ஜெல்லி தடவி, எச்சத்துவாரத்துக்குள் மெதுவாக, சற்று இடது பக்கமாக விடுங்கள். கோழிக்கு இடது சினைப்பையும் இடது குழாயும்தான் வேலை செய்கின்றன. விரலின் இரண்டாவது கணுவுக்குள் தட்டுப்பட்டால் முட்டை. வழவழப்பாகக் கடினமாக இருக்கிறதா, அமுங்குகிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். இழுக்காதீர்கள். தட்டுப்படவில்லை என்பதால் முட்டை இல்லை என்றும் ஆகாது, மேலே இருக்கலாம். பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள், காலையில் மருத்துவர் பார்ப்பார்.

கொளத்தூர் மாடிவீடு | வியாழன், இரவு 9.55

என் மாமியார் பார்த்தார். ஊரில் மாட்டுக்குக் கன்று இழுத்துப் பழகிய கை. 'முட்டை இருக்கிறது, ஆனால் ஓடு இல்லை, தோலாக வழுக்குகிறது' என்கிறார். 'அதற்கு மேலே இன்னொன்று கெட்டியாக இருக்கிற மாதிரி இருக்கிறது' என்றும் சொல்கிறார். இரண்டா? அப்படி இருக்குமா?

பழைய பண்ணைக்காரர் | வியாழன், இரவு 10.10

இருக்கும். உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

தோல் முட்டைதான் உண்மையில் கஷ்டமான முட்டை. கெட்டி முட்டை என்றால் குழாயின் தசைக்குப் பிடித்துத் தள்ள ஒரு பிடி இருக்கும். தோல் முட்டையைத் தள்ளினால் அமுங்கி நெளியும், நகராது. அது வாசலில் கிடக்க, பின்னால் அடுத்த நாள் முட்டை வந்து முட்டிக்கொண்டு நிற்கும். இனி இரவில் ஒன்றும் செய்யாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

கூடுவாஞ்சேரிக் கூடு | வெள்ளி, காலை 6.30

இரவு படித்தேன், இப்போதுதான் எழுத முடிந்தது. பண்ணைக்கார ஐயா சொன்ன இரண்டாவது எச்சரிக்கையோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு எங்கள் கோழியும் இதே நிலையில்தான் நின்றது. நாங்களும் முட்டை அடைப்பு என்று வெந்நீர், ஜெல்லி, கால்சியம் என்று எல்லாம் செய்தோம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் முட்டையே இல்லை. மஞ்சள் கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அங்கே கிருமி பிடித்து நீர் கோத்துவிட்டது. ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், மஞ்சளாகக் கலங்கி வந்தது. அன்று மாலையே எழுந்து தீனி எடுத்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நீர் மறுபடி கோத்தது, மறுபடி எடுத்தோம். கடைசியில் மருத்துவர் சொன்னபடி வலியில்லாமல் போகவிட்டோம்.

உங்களுக்கு முட்டை கைக்குத் தட்டுப்பட்டதே, அதைக் கேட்டு எனக்கு நிம்மதி. இருந்தாலும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

நாமக்கல் மருமகள் | வெள்ளி, காலை 6.45

ஆமாம். இன்னொன்று அக்கா, போகும்போது அட்டைப்பெட்டியில் மூடி எடுத்துப் போகாதீர்கள். காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடை, மேலே ஒரு துண்டு. காற்று வர வேண்டும். செவ்வாய்க்கிழமைத் தோல் முட்டை, எப்போது கடைசியாக எச்சம், என்ன தீவனம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே நின்றால் எல்லாம் மறந்துபோகும்.

கொளத்தூர் மாடிவீடு | வெள்ளி, பிற்பகல் 2.25

வந்துவிட்டோம். செவத்தி உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஆட்டோ பிடித்துப் போனோம். சீட்டு வாங்கி உட்கார்ந்தால் எங்களுக்கு முன்னால் ஒரு லாப்ரடார், ஒரு கிளி, கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆட்டுக்குட்டி. மருத்துவர் கோழியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார். முட்டையிடும் கோழிக்கு இரண்டு, மூன்று விரல் போகுமாம். பிறகு கண்ணின் உட்புறம், கொண்டை, மார்பெலும்பு. மார்பில் கொழுப்பு இல்லை, அதனால் கொழுத்ததால் வந்த அடைப்பு இல்லை என்றார். எக்ஸ்ரேயில் ஓடு போட்ட முட்டை ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே தோல் முட்டை வெறும் நிழலாகத் தெரிந்தது. மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கால்சியம் ஊசியும் குளுக்கோஸ் நீரும் போட்டார். முட்டையைத் தள்ளும் தசை சுருங்குவதற்கே கால்சியம் வேண்டும், அது இல்லாமல் வெறும் முக்கலால் பயனில்லை என்று சொன்னார். சற்று நேரம் பார்த்து, தோல் முட்டையை வழவழப்பு ஜெல்லி போட்டு அவரே எடுத்தார். சுருங்கிய பலூன் தோலாக வந்தது. கெட்டி முட்டை தானாக வரும், மாலைக்குள் வராவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள், வேறு ஊசி போடலாம், அதுவும் ஆகாவிட்டால் ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சிவிட்டு ஓட்டைச் சுருக்கி எடுக்கலாம் என்றார்.

அதற்கு வேலை வரவில்லை. வரும் வழியில், பெரம்பூர் தாண்டிச் சிக்னலில் நிற்கும்போது கூடைக்குள் ஒரு புரளல். துண்டை எடுத்துப் பார்த்தால் முட்டை. ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, திரும்பி, 'எனக்கே சுகமாக இருக்கிறது அம்மா' என்றார். முட்டை சொரசொரவென்று, ஒரு முனையில் வரிவரியாக மடிந்த ஓட்டோடு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதலில் எச்சம் போட்டது, எவ்வளவு என்று கேட்காதீர்கள். பிறகு கம்பு கொத்தியது.

ஆலந்தூர் அப்பு | வெள்ளி, பிற்பகல் 2.31

பிரசவம் ஆட்டோவில். கேட்டுக் கேட்டுப் பழகிய கதைதான், ஆனால் கோழிக்கு இதுதான் முதல் தடவை. வாழ்த்துகள். அந்த முட்டையைச் சாப்பிடலாமா?

கால்நடை மாணவி | வெள்ளி, பிற்பகல் 3.10

மிக்க மகிழ்ச்சி அக்கா. அப்பு அண்ணாவுக்கு: கால்சியமும் குளுக்கோஸும் மட்டும் என்றால் முட்டைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது இவ்வளவு நேரம் உள்ளே தங்கிய முட்டை, தூக்கிப் போடுவதே மேல். சீட்டில் நுண்ணுயிர்க்கொல்லி எழுதியிருந்தால் அது முடிந்த பிறகும் மருத்துவர் சொல்லும் நாள்வரை எந்த முட்டையையும் சாப்பிடக் கூடாது, குழந்தைகளுக்கும் தரக் கூடாது.

அக்கா, இன்னும் சில நாள் எச்சத்துவாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கி முக்கிக் குழாய் வெளியே சிவப்பாகப் பிதுங்கினால் அதைச் சுத்தமான நீரில் கழுவி, ஈரம் காயாமல் வைத்துக்கொண்டு உடனே கொண்டுவாருங்கள். மற்ற கோழிகள் கண்ணில் படவே கூடாது. சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலையே இழுத்துவிடும். குழாய்க்கு ஓய்வு கொடுப்பதற்காக வெளிச்சத்தையும் குறையுங்கள். முட்டைக் கோழிக்கு முட்டையிடச் சொல்லும் கட்டளையே பகல் வெளிச்சம்தான், 14 முதல் 16 மணி நேரம் கிடைத்தால் நிற்காமல் போடும். மாடி விளக்கு இரவெல்லாம் கூண்டில் விழுகிறதா பாருங்கள்.

நாமக்கல் மருமகள் | வெள்ளி, மாலை 4.00

இப்போது தீவனம். என் பிறந்த வீட்டில் காலையில் காபிக்கு முன் பேசுவதே இதைத்தான், அதனால் கொஞ்சம் நீளும்.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம். மஞ்சள் கரு விழுந்து, வெள்ளைக் கரு சுற்ற ஏறத்தாழ மூன்று மணி நேரம், சவ்வு போர்த்த ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி ஏறத்தாழ இருபது மணி நேரமும் ஓடு பூசுவதற்குத்தான். ஓடு முக்கால்வாசிக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதில் கால்சியம் மட்டும் ஏறத்தாழ 2 கிராம். முட்டைக் கோழி நாளுக்கு 110 கிராம் தீவனம் எடுக்கிறது என்று வையுங்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம், அதாவது 4 கிராம் உள்ளே போகிறது. அதில் பாதி உடம்பில் சேர்ந்தால் ஓட்டுக்குச் சரியாகிவிடும். கறிக்கோழித் தீவனத்தில் ஒரு சதவீதம்தான். கறிக்கோழி ஏழாவது வாரத்தைப் பார்ப்பதே அரிது, அதற்கு எதற்குக் கால்சியம்? முழுக்க அதையே தின்றாலும் ஒரு கிராம். சோறு, குருணையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தவிட்டில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள், வரும் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துப் போடுகிறது. எலும்பு தீர்ந்தால் தோல் முட்டை. தசைக்கும் இல்லாமல் போனால் அடைப்பு.

கடைக்காரர் மேல் குறை இல்லை, அவர் விற்கும் கோழிக்கு அதுதான் சரியான தீவனம். மாதவரம் பக்கத்துத் தீவனக் கடைகளில் 'லேயர்' என்று கேட்டால் முட்டைக் கோழித் தீவனம் தருவார்கள். சேவலோ குஞ்சோ இருந்தால் அதற்கு இதைப் போடாதீர்கள், சிறுநீரகம் கெடும்.

பழைய பண்ணைக்காரர் | வெள்ளி, மாலை 4.40

மருமகளே, கணக்கு சரி. ஒன்றை விட்டுவிட்டாய். ஓடு பூசப்படுவது பெரும்பாலும் இரவில். கோழி தின்பது பகலில். பொடியாக அரைத்த சுண்ணாம்புக் கல் பகலிலேயே கரைந்து போய்விடும். கரடுமுரடாக உடைத்த கிளிஞ்சல், தீனி அரைபடும் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே பொடி வேண்டாம், துண்டு. காலையில் வேண்டாம், சாயங்காலம். தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்ட கோழி வந்து கொத்தும், தேவைப்படாதது திரும்பிக்கூடப் பார்க்காது.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தண்ணீரில் கலப்பவர்கள் உண்டு. வாயையும் தொண்டையையும் அரிக்கும், செய்யாதீர்கள். அம்மா, உங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் கோழிகள் காரையைக் கொத்தியிருக்கின்றனவா?

கொளத்தூர் மாடிவீடு | வெள்ளி, மாலை 5.15

ஐயா, தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் கீழே ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு உரிந்து செங்கல் தெரிகிறது! மழையில் ஊறி விழுந்தது என்று கொத்தனாரிடம் சொல்லியிருந்தோம்.

முட்டை ஓட்டையே நொறுக்கிப் போடலாமா? வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

பழைய பண்ணைக்காரர் | வெள்ளி, மாலை 5.30

போடலாம். கழுவி, வாணலியில் வறுத்து, முட்டை என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள். பச்சை ஓட்டை அப்படியே போட்டால் ருசி கண்டு கூட்டிலேயே முட்டையை உடைத்துக் குடிக்கப் பழகும். அந்தப் பழக்கம் வந்த கோழியைத் திருத்த என்னால் முடிந்ததில்லை.

சிறுவிடைப் பிரியன் | வெள்ளி, மாலை 5.52

ஒரு சந்தேகம். என்ன தீவனம் போட்டாலும் நிழலிலேயே நிற்கும் கோழிக்குக் கால்சியம் ஒட்டுமா? எங்கள் பாட்டி குஞ்சுகளைக் காலையில் வெயிலில் விடாமல் பஞ்சாரத்தைத் திறக்கவே மாட்டார்.

கால்நடை மாணவி | வெள்ளி, மாலை 6.10

பாட்டி சொன்னது சரி. கால்சியம் குடலில் ஏற வைட்டமின் டி3 வேண்டும். காலிலும் முகத்திலும் இறகில்லாத தோலில் வெயில் பட்டால் கோழி அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இப்போதைய வெயிலுக்குக் காலையில் கொஞ்ச நேரம் விட்டால் போதும். அதற்கு மேல் பச்சை நிழல்வலை, மண்பானைத் தண்ணீர். பிப்ரவரியில் நடக்கும் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் இவற்றுக்குப் போட்டீர்களா? இல்லையென்றால் செவத்தி தேறியதும் நான்குக்கும் சேர்த்துக் கேளுங்கள். சந்தையில் வாங்கிய கோழிக்கு யார் என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கொளத்தூர் மாடிவீடு | சனி, காலை 8.20

இரவு நன்றாகத் தூங்கியது. வால் நிமிர்ந்துவிட்டது. கொண்டையில் நிறம் இன்னும் முழுதாக வரவில்லை. மருத்துவர் தந்த திரவ கால்சியத்தைச் சீட்டில் போட்ட அளவில் அலகின் ஓரமாகக் கொடுக்கிறேன், மாமியார் பிடித்துக்கொள்கிறார். முட்டைத் தீவனம் வாங்க என் தம்பி மாதவரம் போயிருக்கிறான்.

கிளிஞ்சல்தான் கிடைக்கவில்லை. எங்கள் பகுதியில் வண்ணமீன் கடைகள்தான் தெருவுக்குத் தெரு. மீன்தொட்டியில் போடும் சிப்பி, பவள மணல் எல்லாம் இருக்கிறது. அதை வாங்கலாமா?

நாமக்கல் மருமகள் | சனி, காலை 8.41

வேண்டாம் அக்கா. அலங்காரத்துக்கு விற்பதில் சாயம் பூசியது எது, பூசாதது எது என்று நமக்குத் தெரியாது. தம்பியிடம் போன் செய்து அதே தீவனக் கடையில் 'கிளிஞ்சல்' என்றே கேட்கச் சொல்லுங்கள்.

பழைய பண்ணைக்காரர் | சனி, காலை 9.05

அங்கே இல்லாவிட்டால் பழவேற்காட்டுப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் ஒரு பை சொல்லிவிடுங்கள். ஏரிக்கரையில் கிளிஞ்சல் அள்ளிக் குவித்திருப்பார்கள். கொண்டுவந்ததும் உப்புப் போக நான்கைந்து தண்ணீரில் அலசுங்கள், வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், பிறகு இரும்பு உரலில் துவரம்பருப்பு அளவுக்கு உடையுங்கள். தூளாகப் போனதைச் சலித்துச் செடிக்குப் போட்டுவிடலாம். கூரான நீளச் சில்லு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஆலந்தூர் அப்பு | சனி, காலை 9.12

நான் நாளைக்குப் பழவேற்காடு போகிறேன், இறால் வாங்க. அக்காவுக்கு ஒரு பை கொண்டுவருகிறேன். குழம்பு பற்றிப் பேசியதற்கு அபராதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் மாடிவீடு | சனி, காலை 9.20

இரண்டு பை, தம்பி. மூன்று கோழிகள் சுவரைத் தின்றுகொண்டிருக்கின்றன.